பிணைந்தது யார், பிணை வைத்தது யார்?

கேள்வி: கேரள எல்லை மலைகளில் தலைமுறை தலைமுறையாக மண்ணோடு பிணைந்து வாழும் தமிழ்க் குடும்பங்களைப் பற்றி மண் மணம் கமழும் நாவல்கள் ஏன் அதிகம் வருவதில்லை? எழுத நினைப்பவர்களுக்கு உங்கள் ஆலோசனை என்ன?
– ஒரு வாசகி, நெடுங்கண்டம்

பதில்: ‘பிணைந்து’ என்று எழுதினீர்கள் பாருங்கள், அங்கேயே நின்றுவிட்டேன். மீதிக் கேள்வி அப்புறம்.

பிணை என்றால் கட்டு. பிணை என்றால் ஜாமீன். பிணை என்றால் பெண்மானும்தான். சங்கப் பாட்டில் கலையும் பிணையும் சேர்ந்தே மேயும். களத்தில் கதிர் மிதிக்க மாடுகளை வரிசையாகக் கட்டிச் சுற்ற விடுவதற்குப் பிணையல் என்று பெயர். இத்தனையில் நம் நாவலாசிரியர்கள் கையாள்வது முதலாவதை மட்டும். உங்கள் ஊரில் தூக்கத்தைக் கெடுப்பது இரண்டாவது. மூன்று தலைமுறையாக ஒரே மேட்டில் கிடக்கும் குடும்பத்துக்குப் பட்டயம் என்ற நிலக் காகிதம் இல்லையென்றால், அந்த மேட்டைக் காட்டி வங்கியில் கடன் கேட்க முடியாது. மனிதன் மண்ணோடு பிணைந்திருக்கிறான். மண்ணோ பிணைக்கு ஆகாது.

நாவல் நாயகன் மேனேஜர் முன்னால் போய் உட்காருகிறான் என்று வையுங்கள். “சார், நான் இந்த மண்ணோடு பிணைந்தவன்.” “சந்தோஷம். தண்டப்பேர் நம்பர் என்ன?” “என் பாட்டன் சிந்திய வேர்வை சார்…” “கரம் அடைத்த ரசீது இருக்கா?” “எங்கள் தொப்புள்கொடி இங்கேதான் சார் புதைந்திருக்கு.” “அது கிடக்கட்டும், ஆதாரம் கொண்டுவந்தீங்களா?” நாயகன் சட்டைப் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டுகிறான். நானூறு பக்க நாவல் நாலாம் பக்கத்தில் முடிந்தது.

கம்பத்தில் நாம் பத்திரம் என்பதுதான் மலைக்கு மேலே, கேரளப் பக்கம், ஆதாரம். அரசாங்கம் நிலத்தைப் பதித்துக் கொடுக்கும் காகிதம் பட்டயம். அதை நம் ஊர்ப் பட்டாவோடு குழப்பக் கூடாது. நிலவரியைக் கட்டுவதில்லை, கரத்தை அடைக்கிறார்கள். வில்லேஜ் கணக்கில் நிலக்காரருக்கு உள்ள எண் தண்டப்பேர். கைமாறிய நிலத்தை வாங்கியவர் பெயருக்கு மாற்றுவது போக்குவரவு. மேலே வண்டன்மேட்டுக்காரர் ‘வில்லேஜ் ஆபீஸ்’ என்பார், கீழே தேனி மாவட்டத்துக் கூடலூர்க்காரர் ‘வி.ஏ.ஓ. ஆபீஸ்’ என்பார். இந்த ஒரு சொல்லிலேயே ஆள் மலைக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். நெடுங்கண்டத்துக் கதாபாத்திரம் “பட்டா மாத்தணும்” என்று பேசினால் எழுதியவர் எல்லையிலுள்ள கம்பம்மெட்டு செக்போஸ்ட் தாண்டவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். போக்குவரவு என்ற சொல்லைப் பிழை என்று நினைத்துப் ‘போக்குவரத்து’ என்று திருத்தும் புரூஃப் ரீடர்களும் உண்டு. அப்படித் திருத்திவிட்டால் அண்ணன் தம்பிச் சண்டை நடக்கிற இடத்தில் பஸ் வந்து நிற்கும்.

சண்டை என்றதும் ஞாபகம் வருகிறது. கேரளத்தில் வனநிலத்தில் குடியேறியவர்களுக்குப் பட்டயம் கொடுக்க 1993-ல் தனி விதிகள் வந்தன. 1977 ஜனவரி 1-க்கு முன்பே குடியேறியிருக்க வேண்டும் என்பது அதில் கணக்கு. அண்ணன் அப்பாவோடு 1974-ல் வந்து ஒரு சரிவைத் திருத்தினான். தம்பி வளர்ந்து, 1978-ல் பக்கத்துச் சரிவைத் திருத்தினான். ஒரே ஓடைத் தண்ணீர், நடுவில் இடுப்புயரக் கல் சுவர், அதாவது கையாலை. அண்ணன் பக்கத்துக்குப் பட்டயம் வரும், தம்பி பக்கத்துக்கு வராது. இனி அந்தக் கையாலையில் ஒரு கல் சரிந்தாலும் அதை யார் எடுத்து வைப்பது என்பதில் இரண்டு வீட்டுப் பெண்களும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நாவல் அங்கே கிடக்கிறது. எழுதுகிறவர்களோ பனிமூட்டத்தை வர்ணித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டயம் கிடைத்தவர்கள் எல்லாருக்கும் நிம்மதி வந்துவிடாது. 1964-ஆம் வருஷ விதிகளின்படி பதித்துக் கிடைத்த நிலம் விவசாயத்துக்கும் வீட்டுக்கும்தான். அப்படிப்பட்ட நிலத்தில் ரோட்டோரம் பட்டயக்காரர் மகன் டீக்கடைக்கு ஒரு ஷெட் போட்டால் அது விதிமீறல். அந்த வகைக் கட்டடங்களை முறைப்படுத்தத்தான் 2023-ல் சட்டசபையில் திருத்த மசோதாவை நிறைவேற்றினார்கள். அண்ணன் செத்த பிறகு இன்னொன்று: பட்டயம் அவர் பெயரிலேயே கிடக்கும், பிள்ளைகள் வாய்ப்பேச்சில் பாகம் பிரித்து ஆளுக்கு ஒரு பக்கம் ஏலக்காய் எடுப்பார்கள். கடன் வேண்டும் என்ற அன்றுதான் வாரிசுகள் எல்லாரும் வேண்டும், கம்பத்தில் வாக்கப்பட்டுப் போன அக்காளின் கையெழுத்து உட்பட. அக்காள் சும்மா போடுவாளா? போடமாட்டாள். போடவும் கூடாது.

ஏலமலைக் காடுகளில் இன்னொரு கூத்து. மண்ணுக்கு வருவாய்த் துறை, மரத்துக்கு வனத்துறை. ஏலச்செடிக்குப் பாதிக்குப் பாதி நிழல் வேண்டும். மழைக்கு முன்னால் கிளை கழித்து வெளிச்சம் விடாவிட்டால் பூ குறையும், அழுகல் கூடும். கிளை கழிக்கலாம், மரத்தைச் சாய்க்க அனுமதி வேண்டும். கோபம் வந்த நாயகன் கோடாரியை எடுத்து ஒரே வெட்டாகப் பலாவையோ சந்தனவேம்பையோ சாய்ப்பதாக எழுதுகிறவர்கள், அடுத்த அத்தியாயத்தில் அவனை வனத்துறை வழக்கில் ஏற்றி அலைய விடவேண்டும். யாரும் ஏற்றுவதில்லை.

சரி, ‘மண் மணம் கமழும்’. இந்தச் சொற்றொடரோடு இந்தப் பக்கத்துக்குப் பழைய பகை உண்டு. பின்னட்டைக்காரர்கள் இதை ரப்பர் ஸ்டாம்பாகவே செய்து வைத்திருக்கிறார்கள். ஏலத்தோட்டத்தில் கமழ்வது என்ன என்று மேலே போய் மூக்கை வைத்துப் பார்க்க வேண்டும். ஆனி ஆடியில் மருந்து வாடை. அழுகலுக்கு அடிக்கும் போர்டோ கலவைக்குத் துருசு (மயில்துத்தம்) ஒரு கிலோ, நீற்றாத சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் நூறு லிட்டர். இரண்டையும் தனித்தனியாக ஐம்பது ஐம்பது லிட்டரில் கரைத்து, துருசுத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற்றிக் கிண்ட வேண்டும். மாற்றி ஊற்றினால் கட்டி தட்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. தீட்டிய கத்தியைக் கலவையில் முக்கி எடுத்துப் பார்க்க வேண்டும். அலகில் செம்புக் கறை ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே அடித்தால் இலை கருகும். மலைக் குடும்பத்துக் கதையில் கத்தி வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கத்தியை எடுத்துக்கொள்ளலாம்.

காய் எடுப்பு பற்றி இங்கே வரும் கதைகளில் படிப்பது வேதனை. கதாநாயகி நிமிர்ந்து நின்று, பாடிக்கொண்டே, கிளையிலிருந்து ஏலக்காய் பறிக்கிறாள். செடி ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும், வாஸ்தவம். ஆனால் காய் பிடிக்கும் சரம் தூரடியிலிருந்து கிளம்பும். பல ரகங்களில் தரையோடு படர்ந்து கிடக்கும். குத்தவைத்து, இலையை ஒதுக்கி, ஒவ்வொரு சரமாகத் தடவித்தான் எடுக்க முடியும். சரத்தில் எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றாது. தோல் பச்சையாகவும் உள்ளே விதை கறுத்தும் இருக்கும் கருங்காயைத்தான் கிள்ள வேண்டும். பிஞ்சைக் கிள்ளினால் உலர்ந்ததும் சுருங்கி எடை நிற்காது, பழத்தை விட்டு வைத்தால் காயும்போது வாய் பிளக்கும். அதனால் ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒரு சுற்று என்று ஆடி ஆவணியில் தொடங்கி மாசி வரை அதே தூருக்குத் திரும்பத் திரும்ப வருவார்கள். சித்திரையில் அறுவடைத் திருவிழா வைக்கும் எழுத்தாளர்கள் கவனிக்க: அது படுதா விரித்த குளத்தில் தண்ணீர் எத்தனை அடி மிச்சம் என்று எட்டிப் பார்க்கிற மாதம்.

ஏலவாசனை என்று ஒன்று நிஜமாக வருவது காய் உலர்த்தும் ஸ்டோரில். எடுத்த காயை அன்றைக்கே கழுவி, தட்டில் பரப்பி, 45-லிருந்து 55 டிகிரிக்குள் சூடு நிறுத்தி, ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் உலர்த்த வேண்டும். சூடு இறங்கிவிட்டால் பச்சை நிறம் வெளுக்கும், ஏறிவிட்டால் எண்ணெயும் மணமும் போகும். ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ உலர்ந்த காய் தேறும். ராத்திரி சூட்டைப் பார்க்கிற ஆள் கண்ணயர்ந்தால் அத்தனை பேர் குத்தவைத்த பகலும் மஞ்சளாகப் போகும். அந்த ஆளைப் பற்றி ஒரு சிறுகதை கூட என் மேஜைக்கு வரவில்லை.

உலர்ந்த காய் போடிக்கோ புற்றடிக்கோ ஏலத்துக்குப் போகும். ஏலம் ஏலத்துக்குப் போகிறது என்று சிரிக்கத் தமிழால் மட்டும்தான் முடியும். ஏலம் விடுகிற ஏலம் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த ‘லெய்லாவ்’. மலையாளி அதை மரியாதையாக ‘லேலம்’ என்கிறார். நம் இலக்கணம் லகரத்தைச் சொல்லுக்கு முதலில் நிற்க விடாது. வாசலிலேயே அதைக் கழற்றி வைத்துவிட்டு ஏலம் உள்ளே வந்தது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் விடியற்காலை ஜீப்பில் நெருக்கியடித்து மெட்டு ஏறும் பெண்களுக்கு ஒரு ஏலத்தில்தான் கூலி, மற்ற ஏலத்தின் விலை அவர்கள் காதுக்கே வருவதில்லை என்பதை எழுத்தாளர் தெரிந்து வைத்திருக்கலாம்.

இனி ஆலோசனை. ‘1956 பெரியவரை’ விட்டுவிடுங்கள். எல்லா எல்லை நாவலிலும் டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்து, அந்த வருஷத்து மாநிலப் பிரிப்பில் தேவிகுளம் பீர்மேடு கேரளத்தோடு போனதையும் செங்கோட்டை நம்மோடு வந்ததையும் பிரசங்கம் செய்வார். அது நடந்தது உண்மை, வலித்ததும் உண்மை. பெரியவருக்கு இடுப்பு வலி, அதையும் எழுதலாம்.

ஏன் அதிகம் வருவதில்லை என்று கேட்டீர்கள். வருகிறது, பின்னால் எட்டுப் பக்கச் சொற்பட்டியலோடு வருகிறது. அதில் ‘வெஞ்சனம்: தொடுகறி’ என்று இருக்கும், போக்குவரவு இருக்காது. உங்கள் ஊரில் பட்டியல் இல்லாமலே இதெல்லாம் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நெடுங்கண்டத்திலிருந்து எழுதுகிற உங்களுக்கு வீட்டுத் தண்டப்பேர் நம்பர் மனப்பாடமாக இருக்கும். முதல் அத்தியாயத்தை நீங்களே எழுதி அனுப்புங்கள். சொற்பட்டியல் இணைக்க வேண்டாம். பெண்மான் வந்தால் ஆட்சேபணை இல்லை.