மகள் ஒரு செமஸ்டர் ஜெர்மனியில் படிக்கப் போகிறாள்: 8,000 யூரோ போதுமா?

கேள்வி: என் மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. வரும் குளிர்கால செமஸ்டருக்கு, அதாவது அக்டோபரிலிருந்து மார்ச் வரை, எக்ஸ்சேஞ்ச் மாணவியாக ஜெர்மனி போகிறாள். அங்கே கல்விக் கட்டணம் இல்லை. இங்குள்ள கல்லூரிக் கட்டணத்தை வழக்கம்போலக் கட்டிவிட்டோம். மாணவர் விடுதியில் அறை கிடைத்திருக்கிறது. மின்சாரம், இணையம் எல்லாம் சேர்த்து மாதம் 340 யூரோ, டெபாசிட் 600 யூரோ. செமஸ்டர் பதிவுத் தொகை 260 யூரோ. உதவித்தொகை 2,100 யூரோ உறுதியாகியிருக்கிறது: அங்கே போய்ச் சேர்ந்ததற்கான சான்று கொடுத்த பிறகு 1,680, திரும்பி வந்து மதிப்பெண் பட்டியல் கொடுத்த பிறகு 420. விமான டிக்கெட்டும் விசா கட்டணமும் போக, என்னிடம் 8,000 யூரோவுக்குச் சமமான பணம் இருக்கிறது. போதுமா, கல்விக் கடன் வாங்க வேண்டுமா? குறைந்தால் பகுதி நேர வேலை பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள் மகள். பணத்தை எப்படி அனுப்புவது, எந்தக் கார்டு எடுத்துப்போவது என்பதும் தெரியவில்லை.

பதில்: மொத்தத் தொகை போதும். ஆனால் இப்போதுள்ள ஏற்பாட்டின்படி, நவம்பர் முதல் வாரத்தில் உங்கள் மகளின் கையில் வாடகைக்குக்கூடப் பணம் இருக்காது. ஆறு மாதக் கணக்கை ஆறால் வகுத்துப் பார்த்தால் இந்த ஓட்டை கண்ணில் படாது. தேதிவாரியாக எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

விசாவுக்கான பிளாக்டு அக்கவுண்டிலிருந்து தொடங்குவோம். தங்கும் செலவுக்கான பணத்தை மகள் பெயரில் முன்கூட்டியே முடக்கி வைத்து, அங்கே போன பிறகு மாதத் தவணையாக மட்டும் எடுக்கும் கணக்கு அது. 2024 செப்டம்பர் முதல் மாதத்துக்கு 992 யூரோ, ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். ஒரு செமஸ்டருக்கு மட்டும் போகிறவர்கள் பொதுவாகத் தங்கும் மாதங்களுக்கு மட்டும் காட்டினால் போதும். ஆறு மாதம் என்றால் 5,952. உங்கள் ஊருக்கான ஜெர்மன் தூதரகத்தின் ஆவணப் பட்டியலில் இதை ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். உதவித்தொகைக் கடிதத்தில் மாதத் தொகை தெளிவாக எழுதியிருந்தால், அந்த அளவைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் முடக்க அனுமதிப்பதும் உண்டு. உங்கள் கடிதத்தில் தவணைகள் செமஸ்டருக்கு நடுவிலும் முடிவிலும் வருவதால், அதை நம்பி இறங்க வேண்டாம்.

இந்த 992 எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜெர்மன் அரசு தன் சொந்த மாணவர்களுக்குக் கொடுக்கும் பாஃபோக் உதவியின் உச்சவரம்பு அது. அதற்குள் வீட்டு வாடகைக்கென்று வைத்திருப்பது 380 யூரோ. மியூனிக்கில் அந்த விலைக்கு அறை தேடுவது வீண் வேலை. உங்கள் மகளுக்கு 340க்கு விடுதி அமைந்ததால்தான் இந்த பட்ஜெட்டே நிற்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் கடைசித் தேதியைத் தவறவிட்டால் மற்ற எல்லாக் கணக்கும் மாறிவிடும்.

பணம் அனுப்பும்போது நடக்கும் ஒரு சிறு பிசகு பலரின் விசா தேதியையே தள்ளிப்போட்டிருக்கிறது. நீங்கள் சரியாக 5,952 யூரோ அனுப்புகிறீர்கள். வழியில் ஓர் இடைநிலை வங்கி 25 யூரோ பிடித்துக்கொள்கிறது. போய்ச் சேர்வது 5,927. தொகை குறைவு என்பதால் உறுதிச் சான்று வராது. இன்னொரு 25 யூரோவை அனுப்ப மறுபடியும் முழுக் கட்டணம், மறுபடியும் சில நாள் காத்திருப்பு. வங்கிப் படிவத்தில் கட்டணம் யாருடையது என்ற கட்டத்தில் ‘எல்லாம் அனுப்புபவர் பொறுப்பு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகும் 50 முதல் 100 யூரோ கூடுதலாகச் சேர்த்து அனுப்புங்கள். மிச்சம் பெரும்பாலும் முதல் மாதத் தவணையோடு மகளுக்கே வந்துவிடும். கணக்குத் திறந்தபோது கொடுத்த குறிப்பு எண்ணை ஓர் எழுத்துக்கூட மாறாமல் எழுத வேண்டும். பணம் உங்கள் பெயரிலிருந்து போகிறது, கணக்கு மகள் பெயரில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது அந்த எண் மட்டும்தான்.

இனி தேதிக் கணக்கு. 8,000இல் 5,952 முடங்கிவிட்டது. கணக்கு திறக்கும் கட்டணம், அனுப்பும் செலவு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய 150 வைத்தால் மகள் கையோடு கொண்டுபோவது சுமார் 1,900 யூரோ. முதல் நாற்பது நாளில் போகும் செலவு இது: டெபாசிட் 600, அக்டோபர் வாடகை 340, பதிவுத் தொகை 260, மருத்துவ இன்ஷூரன்ஸ் ஒரு மாதத்துக்கு 145 அளவில், போர்வை தலையணை பாத்திரம் வகையறாவுக்கு 150, குளிர்கால மேல்கோட்டும் காலணியும் 100, சிம் 15, சாப்பாடு 270. கூட்டினால் 1,880. மிச்சம் 20 யூரோ. ஜெர்மனியில் வாடகையை மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் கட்டிவிட வேண்டும். நவம்பர் வாடகை 340 வந்து நிற்கும்போது கையில் இருப்பது அந்த இருபதுதான்.

அதற்குள் பிளாக்டு அக்கவுண்டிலிருந்து 992 வந்துவிடாதா என்று கேட்பீர்கள். வரலாம், வராமலும் போகலாம். அந்தப் பணம் வெளியே வர மகள் பெயரில் ஒரு நடப்புக் கணக்கு வேண்டும். பல வங்கிகள் கணக்கு திறக்க வீட்டு முகவரிப் பதிவுச் சான்று கேட்கும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் செய்ய வேண்டிய அந்தப் பதிவுக்கு அன்மெல்டுங் என்று பெயர். அதற்கு விடுதி நிர்வாகம் கையெழுத்திட்ட குடியிருப்புச் சான்று வேண்டும். அக்டோபரில் நகரத்துக்கு வந்த அத்தனை மாணவர்களும் ஒரே வரிசையில் நிற்பதால் முன்பதிவு கிடைப்பதே பெரும் பாடு. ஆக, கையெழுத்து, பதிவு, வங்கிக் கணக்கு, பிளாக்டு அக்கவுண்டைத் திறந்துவிடுவது என்று நான்கு படி. ஒன்று சறுக்கினால் அடுத்த மூன்றும் நிற்கும். எனவே இங்கிருந்தே, விடுதி முகவரி கிடைத்த அன்றே, அன்மெல்டுங் முன்பதிவைப் போட்டுவிடச் சொல்லுங்கள்.

உதவித்தொகையின் 1,680ஐயும் டிசம்பருக்கு முன் எதிர்பார்க்க வேண்டாம். அங்குள்ள பல்கலைக்கழகம் வருகைச் சான்றில் கையெழுத்திட வேண்டும், அது இங்கே வர வேண்டும், பிறகு பட்டுவாடா. முன்னாலேயே வந்தால் நல்லது.

ஆகவே உங்களுக்குத் தேவைப்படுவது 600 முதல் 800 யூரோ வரை, மூன்று மாதத்துக்கான கைமாற்று. கல்விக் கடன் தேவையில்லை. ஆண்டுக் கணக்கில் வட்டி ஓடும் கடனை நாற்பது நாள் இடைவெளிக்காக வாங்குவது தலைவலிக்குத் தலையை மாற்றிய கதை. அண்ணன் தம்பியிடமோ சேமிப்பிலிருந்தோ எடுத்துக்கொடுத்து, டிசம்பரில் உதவித்தொகை வந்ததும் திருப்பிவிடலாம். டெபாசிட்டையும் கேட்டுப் பார்க்கலாம். ஜெர்மன் சிவில் சட்டத்தின் 551வது பிரிவின்படி, டெபாசிட் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக் கூடாது. வாடகைதாரர் அதை மூன்று சம மாதத் தவணையில் கட்டலாம். விடுதிகள் பொதுவாக மொத்தமாகவே கேட்கும். சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் 400 யூரோ இரண்டு மாதம் தள்ளிப்போகக்கூடும். மறுத்தால் அறையைப் பணயம் வைத்து வாதாட வேண்டாம்.

டிசம்பருக்குப் பிறகு நிலைமை சுலபம். மாதச் செலவை வாடகை 340, இன்ஷூரன்ஸ் 145, சாப்பாடு 220, போன் 15, மற்றவை 100 என்று வைத்தால் 820. இதோடு பலர் மறந்துவிடும் ஒன்று, ஒளிபரப்புக் கட்டணம்: மாதம் 18.36 யூரோ. அறையில் டி.வி. இல்லாவிட்டாலும் உண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 55.08 என்று கடிதம் வரும். பகிர்ந்து வாழும் வீடென்றால் வீட்டுக்கு ஒன்று. பொது நடைவழியில் கதவு திறக்கும் விடுதி அறையென்றால் ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி. மோசடிக் கடிதம் என்று நினைத்துக் குப்பையில் போட்டால் அபராதத்தோடு திரும்ப வரும். எல்லாம் சேர்த்து 840க்குள் அடங்கும். மாதம் 150 யூரோ மிஞ்சும். பயணங்களை அதற்குள் வைத்துக்கொள்ளட்டும்.

இன்ஷூரன்ஸில் ஒரு எச்சரிக்கை. இங்கே வாங்கும் பயணக் காப்பீடு பல்கலைக்கழகப் பதிவுக்கு ஏற்கப்படாமல் போகலாம். அங்குள்ள அரசு முறை மாணவர் காப்பீட்டைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். ஆனால் அது செமஸ்டரோடுதான் தொடங்கும். மகள் செப்டம்பர் 20 வாக்கில் இறங்கினால் இடைப்பட்ட நாட்களுக்குப் பயணக் காப்பீடு கட்டாயம் வேண்டும். இரண்டும் தேவை, வெவ்வேறு நாட்களுக்கு.

கார்டு விஷயத்தில் இரண்டு நிறுவனங்களின் இரண்டு கார்டு இருக்கட்டும். வெவ்வேறு பையில் இருக்கட்டும். ஒன்றை ஏ.டி.எம். விழுங்கிவிட்டால் மாற்றுக் கார்டு கடல் தாண்டி வரும்வரை மற்றது கை கொடுக்கும். அங்கே ஏ.டி.எம்.மில் 200 யூரோ கேட்டால் திரையில் ஒரு கேள்வி வரும்: உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா, யூரோவிலா? சொந்த நாணயத்தில் தொகை பளிச்சென்று தெரியும், உத்தரவாத விலை என்றும் எழுதியிருக்கும். அதை அழுத்தக் கூடாது. அந்த விலைக்குள் இயந்திரத்தின் உரிமையாளர் தன் லாபத்தை ஏற்றி வைத்திருக்கிறார்; சில இயந்திரங்களில் அது 10 சதவீதத்தைக்கூடத் தொடும். எப்போதும் யூரோ. கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், இதே பதில்தான்.

யூரோ கணக்கை மொபைலிலேயே திறக்கும் சேவைகளில் சில, வேறு ஐரோப்பிய ஒன்றிய நாட்டு ஐபான் எண்ணை, அதாவது சர்வதேச வடிவிலான வங்கிக் கணக்கு எண்ணைத் தரும். ஜெர்மன் எண் இல்லை என்று சொல்லி யாரும் அதை மறுக்க 2012ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதிமுறை அனுமதிப்பதில்லை. நடைமுறையில் சில அலுவலகங்கள் முகம் சுளிக்கும். முதல் மாதத்துக்கு இது நல்ல ஊன்றுகோல்.

பகுதி நேர வேலையைப் பட்ஜெட்டில் பூஜ்யம் என்றே எழுதுங்கள். ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. ஆனால் முகவரிப் பதிவுக்குப் பிறகுதான் வரி எண் தபாலில் வரும், அதன் பிறகு வேலை தேடி, மாதம் முடிந்து சம்பளம் கைக்கு வரும்போது டிசம்பர் ஆகியிருக்கும், பிப்ரவரியில் தேர்வு. சொந்த ஊர் வாடிக்கையாளருக்கு அறையில் உட்கார்ந்து ஆன்லைனில் வேலை செய்து தருவதும் சுயதொழில்தான். அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பண இழப்பு மதிப்பெண் கணக்கில்தான் ஒளிந்திருக்கிறது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் படிப்பின் அளவைக் கணக்கிடும் புள்ளிக்கு இ.சி.டி.எஸ். என்று பெயர்; ஒரு முழு செமஸ்டர் என்பது 30 இ.சி.டி.எஸ். புள்ளி. எந்தப் பாடத்துக்கு இங்கே எது ஈடு என்பதை இரு பல்கலைக்கழகமும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் விமானம் ஏறக் கூடாது. அங்கே போனதும் ஒரு பாடம் நேர மோதலில் மாறினால், மாற்றத்தையும் அன்றே எழுத்தில் வாங்க வேண்டும். ஜெர்மனியில் வகுப்பில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. அந்தச் சில வார அவகாசத்தைத் தவறவிட்டால் படித்தும் புள்ளி இல்லை. விட்டுப்போன பாடங்களுக்காக இங்கே ஒரு செமஸ்டர் கூடுதலாகக் கட்டணம் கட்ட நேர்ந்தால் மேலே மிச்சம் பிடித்த அத்தனையும் அதில் கரைந்துவிடும். திரும்பும் டிக்கெட்டையும் தேதி மாற்றக்கூடியதாக வாங்குங்கள். தேர்வுத் தேதிகள் பல இடங்களில் தாமதமாகத்தான் உறுதியாகும்.

போனுக்கு முன்பணத் திட்டம் போதும். 24 மாத ஒப்பந்தம், ஜிம், இணையம் எதிலும் கையெழுத்து வேண்டாம். 260 யூரோ பதிவுத் தொகைக்குள் போக்குவரத்து அட்டை அடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நாடு முழுக்க உள்ளூர், வட்டாரப் பேருந்து ரயில்களில் செல்லும் 63 யூரோ டாய்ச்லாந்து டிக்கெட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். அது மாதாந்திரச் சந்தா. 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத் தொகையும் போகும்.

தேர்வு பிப்ரவரியில் முடிந்தாலும் விடுதி ஒப்பந்தம் மார்ச் 31 வரை ஓடும். நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு மார்ச் மாதத்துக்கு வேறொரு மாணவருக்கு அறையைக் கொடுத்தால் 340 மிஞ்சும். இதற்கு ஜனவரியிலேயே கேட்க வேண்டும். கிளம்பும்போது முகவரிப் பதிவை நீக்கிவிட்டால் ஒளிபரப்புக் கட்டணமும் நின்றுவிடும் என்று நினைப்பார்கள். நிற்காது, அதற்குத் தனியாக எழுத வேண்டும். இன்ஷூரன்ஸுக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து விலகிய சான்றை அனுப்ப வேண்டும். டெபாசிட் 600 அன்றைக்கே கைக்கு வராது. சில மாதம் பிடிக்கும். அறைக்குள் நுழைந்த அன்றே சுவர்க் கீறல், மெத்தைக் கறை, ஜன்னல் பிடி என ஒவ்வொன்றையும் தேதியோடு படம் எடுத்து, ஒப்படைப்புத் தாளில் எழுதி, பராமரிப்பாளர் கையெழுத்தை வாங்கினால்தான் அது முழுசாக வரும். அந்தத் தொகை வந்து சேரும்வரை யூரோ கணக்கை மூட வேண்டாம். வெளிநாட்டு வங்கிக்கு அனுப்பச் சொன்னால் அதிலும் ஒரு துண்டை இடைநிலை வங்கி வெட்டிக்கொள்ளும்.