பெட்டியோடு ஒரு பழைய மோட்டார்: கேள்வி-பதில்

இந்த முறை கடிதப் பையைக் கொட்டினால் எல்லாமே அவுட்போர்டு மோட்டார். படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டுவோமே, அதுதான். அதுவும் பழசு, அதுவும் வந்த பெட்டியோடு. யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். தாத்தா மீன் பிடித்த கதைகள் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் இடமில்லை.

கேள்வி: தாத்தாவின் கொட்டகையில் 1950களின் ஜான்சன் ஸீ ஹார்ஸ் ஒன்று கிடைத்தது. அட்டைப்பெட்டி, கையேடு எல்லாம் இருக்கிறது. ஓட்டியதே இல்லை என்கிறார்கள் வீட்டில். என்ன விலை போகும்?

முதலில் அந்த "ஓட்டியதே இல்லை"யைச் சோதித்துவிடுவோம். வீட்டில் யாரும் பொய் சொல்லவில்லை, மறந்திருப்பார்கள். பின்பலகையோடு இறுக்கும் திருகுகளின் நுனியைப் பாருங்கள். ஒரே ஒரு முறை இறுக்கியிருந்தாலும் பெயின்டில் தழும்பு விழுந்திருக்கும். ப்ரொப்பெல்லர் இறக்கைகளின் ஓரத்தில் பெயின்ட் முழுசாக இருக்கிறதா, புகை வெளியேறும் வாயில் கரி இருக்கிறதா, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். தொழிற்சாலையிலேயே கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்து அனுப்பியிருக்கலாம், அதனால் லேசான கறைக்குப் பதற வேண்டாம்.

அடுத்தது நம்பர். மோட்டாரில் ஆணியடித்த தகட்டில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்கும், பெட்டியின் ஓரத்திலும் மாடல் எண் இருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பெட்டியின் வேலை சாட்சி சொல்வது: இந்த மோட்டார் இதற்குள்தான் வந்தது, வெளியே அதிகம் போகவில்லை என்று. நம்பர் ஒத்துப்போகாவிட்டால் அந்தச் சாட்சி வேறு வழக்குக்கு வந்த சாட்சி.

அப்புறம் விலை. பெட்டி இருந்தால் இத்தனை சதவீதம் கூடும் என்று யாராவது கணக்குச் சொன்னால் அவரிடம் எதுவும் வாங்காதீர்கள். அந்தக் காலத்தில் ஜான்சனும் எவின்ரூடும் ஒரே நிறுவனத்தின் கைக்குள் இருந்தன. பல மாடல்களில் உள்ளே கிட்டத்தட்ட ஒரே இயந்திரம், மேலே வேறு மூடி, வேறு நிறம். ஏராளமாக விற்றவை. ஆகவே உங்கள் மோட்டார் அரிதல்ல. பெட்டிதான் அரிது, ஏனென்றால் பெரும்பாலும் மோட்டாரை எடுத்த அன்றைக்கே அது குப்பைக்குப் போய்விடும். கையேடு, டேங்க், குழாய், கருவிப் பை, உத்தரவாத அட்டை என்று இருப்பதையெல்லாம் ஒன்றாக வைத்துப் படம் எடுங்கள், தனித்தனியாக விற்காதீர்கள்.

கேள்வி: அதே மாதிரி மோட்டார் என்னிடமும், பெட்டியோடு. ஒரு முறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு விற்கலாமா?

கூடாது. "ஓட்டியதே இல்லை" என்ற பெயர் ஒரே ஒரு முறை ஸ்டார்ட் செய்தாலும் போய்விடும், திரும்ப வராது. போதாததற்குத் தண்ணீர் பம்பின் ரப்பர் இத்தனை வருடத்தில் விறைத்துப் போயிருக்கும், குளிர்வதற்குத் தண்ணீர் ஏறாமல் சூடாகித் தொலைக்கும்.

கேள்வி: இணையத்தில் இதே மாடலுக்கு ஒருவர் மிகப் பெரிய தொகை போட்டிருக்கிறார். என்னுடையதும் அவ்வளவு பெறும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

இந்தக் கேள்வி வந்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன். அது விலை இல்லை. ஒரு மனிதருடைய ஆசை, அவ்வளவுதான். அந்த விளம்பரம் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று பார்த்தீர்களா? பல விளம்பரங்கள் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும், அடுத்து விற்க வருபவர் அதைப் பார்த்து அதற்கு மேல் ஒரு தொகை போடுவார், அவரைப் பார்த்து இன்னொருவர். கடைசியில் ஒன்றுகூட விற்றிருக்காது, ஆனால் ஊரெல்லாம் அதுதான் "மார்க்கெட் ரேட்" என்று பேச்சு. ஏல தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். அதிலும் மிக அதிகமாகப் போனதையும் அடிமாட்டு விலைக்குப் போனதையும் தள்ளிவிட்டு, உங்கள் மோட்டாரின் நிலையில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். சிலிண்டர் இறுகிப்போனதையும் ஓடுவதையும் ஒரே வரிசையில் வைக்கக் கூடாது.

இன்னொரு பாட்டு: "கம்பெனியே மூடியாச்சு, இனி விலை ஏறத்தான் செய்யும்." எவின்ரூட், ஜான்சன் இரண்டையும் வைத்திருந்த ஓஎம்சி 2000ஆம் ஆண்டின் கடைசியில் திவாலானது உண்மை. வேறொரு நிறுவனம் தொடர்ந்து நடத்தி, 2020இல் எவின்ரூட் தயாரிப்பையும் நிறுத்திவிட்டார்கள், அதுவும் உண்மை. அதனால் உங்கள் கொட்டகையில் இருப்பது தங்கமாகிவிடாது. விலையை ஏற்றுவது தேடி வாங்கும் ஆட்கள்தான், அந்த ஆட்களுக்கும் வயதாகிறது, தூக்கி வைக்க முதுகும் இடமும் வேண்டும். அவர்களையே கேளுங்கள். ஆன்டிக் அவுட்போர்டு மோட்டார் கிளப் என்று 1965 முதல் ஒரு சங்கமே இருக்கிறது. உங்கள் மோட்டாரை வாங்கப் போகிறவரிடம் மட்டும் மதிப்பு கேட்காதீர்கள், சொல்லவே வேண்டியதில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: பெட்டி அழுக்காக இருந்ததால் எரித்துவிட்டேன். மோட்டாருக்குப் புது பெயின்ட் அடித்துப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். விலை எவ்வளவு கூடியிருக்கும்?

குறைந்திருக்கிறது. இரண்டு தடவை.

கேள்வி: பெட்டியோடு என்று படம் போட்டிருந்ததை நம்பி ஒரு மெர்க்குரி கம்பெனி மோட்டார் வாங்கினேன். வந்த பெட்டி அசல்தான், ஆனால் உள்ளே இருந்தது வேறு வருடத்து மோட்டார், ஸ்டிக்கரும் புதுசு. கேட்டால் "பெட்டியோடு என்றுதான் சொன்னேன், அந்த மோட்டாரின் பெட்டி என்று சொல்லவில்லையே" என்கிறார்.

இந்தப் பேச்சுக்கு அவர் வக்கீலாகியிருக்கலாம். உங்கள் மீது தப்பில்லை. பெட்டிக்குள் மோட்டாரை வைத்துப் படம் எடுத்துப் போட்டாலே இரண்டும் ஜோடி என்றுதான் அர்த்தம், அவர் வாயால் சொன்னாரா இல்லையா என்பது இரண்டாவது. எதையும் துடைக்காதீர்கள், கழற்றாதீர்கள், கட்டி வந்த அட்டையைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். மோட்டாரின் நம்பர் தகடு, பெட்டியின் நம்பர், விளம்பரப் பக்கம் மூன்றையும் படம் பிடித்து, வாங்கிய தளத்தில் "சொன்ன பொருள் வரவில்லை" என்று இன்றைக்கே புகார் பதியுங்கள். இதற்கெல்லாம் நாள் கணக்கு உண்டு, அவரோடு சண்டை போட்டுக்கொண்டே அதைத் தவறவிடுவதுதான் வழக்கம். பேச்சை எல்லாம் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். "பாதிப் பணம் தருகிறேன், புகாரை எடுத்துவிடுங்கள்" என்று வந்தால் பணம் கைக்கு வரும்வரை புகார் அப்படியே நிற்கட்டும்.

நானும் மாட்டியவன்தான். சில வருடங்களுக்கு முன் "அசல் பெட்டி, முத்திரை பிரிக்காதது" என்று ஒன்றை வாங்கினேன். முத்திரை உண்மையிலேயே பிரிக்கவில்லை, மேல்பக்கம். அடிப்பக்கம் பிரித்து, மோட்டாரை எடுத்துவிட்டு, அதே எடைக்கு இன்னொரு மோட்டாரின் உதிரிகளை வைத்துப் பழைய பசை நாடாவால் ஒட்டியிருந்தார்கள். நான் அந்த முத்திரையைப் பார்த்துப் பார்த்துப் பூரித்து ஒரு மாதம் பிரிக்கவே இல்லை. பிரித்தபோது புகார் நாள் முடிந்துவிட்டது.

கேள்வி: எவின்ரூட் செய்த முதல் மாடல் என்று ஒருவர் விற்கிறார். மேலே வழவழப்பான மூடி, இழுத்தால் தானே சுருண்டு போகும் கயிறு. நம்பலாமா?

ஓடிவிடுங்கள். ஓலே எவின்ரூட் 1909இல் விற்க ஆரம்பித்த மோட்டாருக்கு மூடியே கிடையாது. ஒற்றைச் சிலிண்டர், ஒன்றரைக் குதிரைத்திறன், எடை 62 பவுண்டு, அதாவது சுமார் 28 கிலோ. மேலே இருக்கும் சக்கரத்தில் ஒரு கைப்பிடி துருத்திக்கொண்டிருக்கும், அதைப் பிடித்துச் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். கையை எடுக்க மறந்தால் விரல் முட்டி பெயரும். அதற்கும் முன்னாலேயே கேமரன் வாட்டர்மேன் என்பவர் அவுட்போர்டு விற்றுக்கொண்டிருந்தார், ஆகவே "உலகின் முதல்" என்றும் சொல்ல விடாதீர்கள்.

கேள்வி: பழைய பிரிட்டிஷ் சீகல் மோட்டார் வாங்கினேன். மேகம் மாதிரி புகை தள்ளுகிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. அது அப்படித்தான். பழைய சீகல்களுக்குப் பத்துப் பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் ஊற்றச் சொன்னார்கள், புகையாமல் என்ன செய்யும்.

கேள்வி: 1950களின் எவின்ரூட் மலிவாகக் கிடைத்தது, ஆனால் டேங்க் இல்லை. ஏதாவது ஒரு டேங்கை மாட்டிக்கொள்ளலாமா?

வாங்கும் முன் அனுப்பியிருக்க வேண்டிய கடிதம் இது. குழாய் மாட்டும் இடத்தைப் பாருங்கள். இரட்டைக் குழாய் வகை என்றால் மோட்டாரில் பெட்ரோல் பம்பே கிடையாது. ஒரு குழாய் வழியே டேங்குக்குள் காற்றை அழுத்தி, இன்னொன்றின் வழியே பெட்ரோலை மேலே தள்ளும். சாதாரண டேங்க் உதவாது. அந்தப் பழைய அழுத்த டேங்கைத் தேட வேண்டும், கிடைத்தாலும் ரப்பர் வளையம் எல்லாம் புதுசு போட வேண்டும், இல்லாவிட்டால் தனியாகப் பம்ப் பொருத்த வேண்டும். மலிவாகக் கிடைத்ததன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

கேள்வி: உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஜான்சன் மோட்டார், சின்னப் பெட்டியோடு. விற்பனையாளர் காட்டும் மாதிரி என்கிறார் மாமா. தூக்கிப் போடலாமா?

தொடாதீர்கள்! பேட்டரி போட்டுப் பொம்மைப் படகில் மாட்டும் விளையாட்டு மோட்டார் அது. 1950களில் கே அண்ட் ஓ என்ற நிறுவனம் பெரிய கம்பெனிகளின் மாடல்களை அச்சு அசலாகச் சின்னதாகச் செய்து விற்றது. இதில்தான் பெட்டிக்கு உண்மையிலேயே பெரிய மதிப்பு; அரிய மாடல் பெட்டியோடு இருந்தால் சில சமயம் நிஜ மோட்டாரையே தாண்டிவிடும். ஒயர் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மாமாவிடம் விற்றுவிடாதீர்கள்.

கேள்வி: விற்கும்வரை மோட்டாரைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கலாமா?

வெளியே நிமிர்த்தி மாட்டி வையுங்கள், பெட்டி தனியாக, ஈரமில்லாத இடத்தில். என்னுடைய ஒன்றை "பத்திரமாக" உள்ளேயே படுக்க வைத்திருந்தேன். சீல் கசிந்து கியர் ஆயில் ஒரு மழைக்காலம் முழுக்க அட்டையில் ஊறியிருக்கிறது. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டியைத் தூக்கினேன், அடிப்பக்கம் தரையிலேயே இருந்தது.