இஎம்டி கோர்ஸ் சேரப் போறீங்களா? எலும்பு பேர அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல மூச்ச எண்ணிப் பழகுங்க

கேள்வி: அடுத்த மாசம் இஎம்டி (ஆம்புலன்ஸ்ல போற அவசர மருத்துவ உதவியாளர்) ட்ரெயினிங்ல சேர்றேன். ஸ்கூல்ல பயாலஜி எடுக்கல. பயத்துல ஒரு தடி அனாட்டமி புக் வாங்கி 206 எலும்போட பேரையும் மனப்பாடம் பண்ணிட்டு இருக்கேன், பாதிகூட தாண்டல. கிளாஸ் ஆரம்பிக்கறதுக்குள்ள நிஜமாவே எதெல்லாம் தெரிஞ்சு வச்சுக்கணும்?

பதில்: மொதல்ல அந்த புக்க மூடி வைங்க. தூக்கிப் போட வேணாம், பின்னாடி தேவைப்படும். ஆனா ஆம்புலன்ஸ்ல ஏறின அப்புறம் மணிக்கட்டுல எத்தனை எலும்புன்னு உங்கள ஒருத்தரும் கேக்க மாட்டாங்க (எட்டு, யாராவது கேட்டா சொல்லிடுங்க).

நீங்க புரிஞ்சுக்க வேண்டியது ஒரே ஒரு பாதைதான். வெளிக்காத்துல இருக்கற ஆக்ஸிஜன் மூக்கு, தொண்டை வழியா நுரையீரலுக்குப் போகணும், அங்க ரத்தத்துல கலக்கணும், இதயம் அந்த ரத்தத்த தள்ளணும், அது மூளை வரைக்கும் போய்ச் சேரணும். அவ்ளோதான். இந்தப் பாதையில எங்க அறுந்திருக்குன்னு கண்டுபிடிச்சு ஆஸ்பத்திரி போற வரைக்கும் ஒட்டுப் போடறதுதான் நம்ம வேலை. மூளைக்கு ஆக்ஸிஜன் சுத்தமா நின்னா நாலஞ்சு நிமிஷத்துலயே சேதம் ஆரம்பிச்சிடும், அதனாலதான் ஏர்வே (மூச்சுப் பாதை), ப்ரீத்திங் (மூச்சு), சர்குலேஷன் (ரத்த ஓட்டம்)னு அந்த வரிசை. எது சீக்கிரம் கொல்லுமோ அத மொதல்ல பாக்கறோம். ரத்தம் பீச்சி அடிச்சா மட்டும் வரிசை மாறும், மத்த எதையும் பாக்கறதுக்கு முன்னாடி அத அழுத்திப் பிடிச்சு நிறுத்தணும், கை கால்ல அழுத்தியும் நிக்கலன்னா காயத்து மேலயே இல்லாம, அதுக்குக் கொஞ்சம் மேல உடம்புப் பக்கமா டூர்னிகே (ரத்தத்த நிறுத்த இறுக்கிக் கட்டற பட்டை) கட்டி, கட்டின நேரத்த எழுதிடணும்.

இப்ப மூச்சுக்கு வருவோம், ஏன்னா புதுசா வர்றவங்க அதிகமா கோட்டை விடறது இங்கதான். பெரியவங்களுக்கு நிமிஷத்துக்கு 12லேருந்து 20 மூச்சு நார்மல்னு புக்ல இருக்கும், எல்லாரும் மனப்பாடம் பண்ணிடுவாங்க. ஆனா எண்ணிக்கை பாதிக் கதைதான், ஆழம்தான் மீதிக் கதை. ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. சராசரியா ஒரு மூச்சுல 500 மில்லி காத்து உள்ள போகுதுன்னு வைங்க, அதுல 150 மில்லி தொண்டையிலயும் மூச்சுக்குழாய்லயும் சும்மா நின்னுட்டு அப்படியே வெளிய வந்துடும், ரத்தத்துக்கு உபயோகப்படறது 350தான். நிமிஷத்துக்கு 12 மூச்சுன்னா 4,200 மில்லி. இன்னொருத்தர் பதட்டமா மேலோட்டமா ஒரு மூச்சுக்கு 200 மில்லி மட்டும் இழுத்து நிமிஷத்துக்கு 40 தடவ மூச்சு விடறார். மொத்தமா கூட்டினா 8,000, பாக்க நிறைய மாதிரி தெரியும், ஆனா ஒவ்வொரு மூச்சுலயும் அந்த 150 வீணா போயிடுதே, மிச்சம் 50. நாப்பது தடவைக்கு வெறும் 2,000. அதாவது மொத ஆளுக்குக் கிடைக்கறதுல பாதிகூட இவருக்கு இல்ல. வேகமா மூச்சு வாங்கறார், அதனால காத்து போயிட்டுதான் இருக்குன்னு நினைக்கறது எவ்ளோ தப்புன்னு இப்ப புரியும். அந்த நேரத்துல மாஸ்க்ல ஆக்ஸிஜன் மட்டும் கொடுத்தா பத்தாம போகலாம், அம்பு பேக் (கையால அமுக்கி காத்து தள்ளற பை) வச்சு நாமளே காத்த உள்ள தள்ள வேண்டி வரலாம்.

இத நான் அடி வாங்கித்தான் கத்துக்கிட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு வயசானவர், மூச்சுத் திணறல். ரத்தத்துல ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம்னு காட்டற பல்ஸ் ஆக்ஸிமீட்டர விரல்ல மாட்டினேன், 97 காட்டுச்சு, எனக்கு ஒரே நிம்மதி. ஷீட்ல மூச்சு 18னு எண்ணாமலே எழுதிட்டேன். கூட இருந்த சீனியர் ஒண்ணும் பேசல, பெரியவர்கிட்ட "ஐயா, எப்போலேருந்து இப்படி இருக்கு?"ன்னு கேட்டார். அவர் "நேத்து..."ன்னு சொல்லி நிறுத்தி மூச்சு வாங்கிட்டு "ராத்திரி..."ன்னு சொல்லி மறுபடி நிறுத்தினார். ஒரு முழு வாக்கியம் பேச முடியல. கழுத்து தசை ஒவ்வொரு மூச்சுக்கும் கயிறு மாதிரி இழுக்குது. எண்ணினா 36. மெஷின் சொன்னது பொய் இல்ல, ஆனா அந்த 97ஐ காப்பாத்த அந்த மனுஷன் எவ்ளோ பாடுபடறார்னு மெஷினுக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்துல களைச்சுப் போனார், அதுக்கப்புறம்தான் நம்பர் இறங்க ஆரம்பிச்சுது. இன்னொண்ணு, விரல் ஜில்லுனு இருந்தாலோ நெயில் பாலிஷ் இருந்தாலோ அந்த மெஷின் தப்பா காட்டலாம், புகையில மாட்டி கார்பன் மோனாக்சைடு ஏறினவங்களுக்கு நல்லா இருக்கற மாதிரியே காட்டி ஏமாத்தும்.

மூச்ச எண்ணறதுக்கு ஒரு வழி இருக்கு. "உங்க மூச்ச எண்ணப் போறேன்"னு சொல்லிடாதீங்க, சொன்ன உடனே ஆள் மூச்ச மாத்திடுவாங்க. பல்ஸ் பாக்கற மாதிரி மணிக்கட்ட பிடிங்க, 30 செகண்ட் பல்ஸ எண்ணுங்க, கைய எடுக்காம அடுத்த 30 செகண்ட் நெஞ்சு ஏறி இறங்கறத எண்ணி ரெண்டால பெருக்குங்க. மூச்சு முறை தவறி விட்டு விட்டு வந்தா முழு நிமிஷமும் எண்ணணும். வீட்ல டிவி பாக்கறவங்கள தூரத்துலேருந்து எண்ணிப் பழகலாம், இதுக்கு கோர்ஸ் ஆரம்பிக்கற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.

மூச்சுலயே இன்னொரு பொறி. இதயம் நின்ன மொத சில நிமிஷத்துல சிலர் கரையில போட்ட மீன் மாதிரி வாய தொறந்து எப்பவாவது ஒரு தடவ இழுப்பாங்க. அது மூச்சு இல்ல. "மூச்சு இருக்கு"ன்னு நினைச்சு கைய கட்டிட்டு நின்னா போச்சு. கூப்பிட்டா அசைவில்ல, ஒழுங்கான மூச்சும் இல்லன்னா 10 செகண்டுக்கு மேல பல்ஸ தேடிட்டு இருக்காம நெஞ்ச அழுத்த ஆரம்பிக்கணும். பெரியவங்களுக்கு நிமிஷத்துக்கு 100லேருந்து 120, அஞ்சாறு சென்டிமீட்டர் ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. ஒவ்வொரு தடவையும் நெஞ்ச முழுசா மேல எழ விடணும், அப்பதான் இதயத்துல ரத்தம் நிறையும். 2 நிமிஷத்துக்கு ஒரு தடவ ஆள் மாத்துங்க, நமக்கு களைப்பு தெரியறதுக்கு முன்னாடியே அழுத்தம் குறைஞ்சிடும். ஏஇடி (கரண்ட் கொடுத்து இதயத் துடிப்ப சரி பண்ற மெஷின்) வந்த உடனே மாட்டணும், அத எடுத்துட்டு வர ஒருத்தர அனுப்பிட்டு நீங்க அழுத்திக்கிட்டே இருங்க.

அடுத்தது ஷாக். இத பேச்சுவழக்குல சொல்ற அதிர்ச்சியோட குழப்பிக்க வேணாம், உறுப்புகளுக்குத் தேவையான ரத்தம் போய்ச் சேராத நிலைக்குத்தான் இங்க ஷாக்னு பேர். பம்ப், பைப், தண்ணினு நினைச்சுக்கங்க: இதயம் சரியா தள்ளல, இல்ல ரத்தக்குழாய் விரிஞ்சு போச்சு, இல்ல ரத்தமே குறைஞ்சு போச்சு. இதுல பெரிய தப்பு பிபி நல்லா இருக்குன்னு தைரியமா இருக்கறது. பெரியவங்க உடம்புல சுமார் 5 லிட்டர் ரத்தம், அதுல ஒன்றரை லிட்டர் கிட்ட போற வரைக்கும்கூட உடம்பு குழாய சுருக்கி, இதயத்த வேகமா ஓட்டி பிபிய பிடிச்சு வச்சுடும். பிபி விழுந்துதுன்னா சமாளிக்கற சக்தி தீர்ந்துடுச்சுன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடியே துப்பு கிடைக்கும்: இருப்புக் கொள்ளாத தவிப்பு, வெளுப்பு, ஜில்லுனு வேர்த்த தோல், ஓடற பல்ஸ். நகத்த அழுத்தி விட்டா ரெண்டு செகண்டுக்குள்ள சிவப்பு திரும்பணும், திரும்பலன்னா உஷாராகுங்க, குளிர்ல மட்டும் இத ரொம்ப நம்ப வேணாம். குழந்தைங்க இன்னும் மோசம், கடைசி வரைக்கும் தாங்கிட்டு திடீர்னு சரிஞ்சிடுவாங்க. பிபிக்கு பீட்டா ப்ளாக்கர்னு இதயத் துடிப்ப மெதுவாக்கற மாத்திரை சாப்பிடறவங்களுக்கு பல்ஸ் ஏறாமலே இருக்கலாம், அதனாலதான் என்ன மாத்திரை சாப்பிடறீங்க, அலர்ஜி உண்டா, கடைசியா எப்ப சாப்பிட்டீங்கன்னு கேட்டே ஆகணும்.

இப்ப உங்க எலும்புக்கு வரேன். தொடை எலும்பு உடைஞ்சா வெளிய ஒரு சொட்டு தெரியாமலே லிட்டர் கணக்குல ரத்தம் உள்ளயே தேங்கலாம், இடுப்பு எலும்புன்னா இன்னும் அதிகம். அந்த ரெண்டையும், விலா எலும்பையும், முதுகுத் தண்டையும் நல்லா படிங்க. கணுக்கால் எலும்புங்க காத்திருக்கும்.

குழம்பிப் போய் பேசறவங்க, மயங்கினவங்க, ஃபிட்ஸ் வந்தவங்க யாரா இருந்தாலும் சுகர் பாக்கணும். லோ சுகர் பாக்கறதுக்கு அப்படியே குடிபோதை மாதிரி இருக்கும், சில சமயம் ஒரு பக்கம் கை கால் விழுந்து பக்கவாதம் மாதிரியே இருக்கும். குடிச்சிருக்கார்னு முடிவு கட்டினா அதோட நம்ம மூளை தேடறத நிறுத்திடும்.

மருத்துவ வார்த்தைங்கள்ல ஒரு இருவது முன்னொட்டு போதும், டாக்கின்னா வேகம், பிரேடின்னா மெதுவு, இந்த மாதிரி. ஹைப்போவும் (கம்மி) ஹைப்பரும் (அதிகம்) வயர்லெஸ்ல ஒரே மாதிரி கேக்கும், அங்க "சுகர் கம்மி, 48"னு நம்பரோட சொல்லிடுங்க.

ஸ்ட்ரெச்சர் தூக்க முதுக வளைக்காம முட்டிய மடக்கிப் பழகுங்க, இப்பவே. ஸ்பாட்டுக்குப் போனா ஓடிப் போய் ஆள தொடறதுக்கு முன்னாடி அறுந்த கரண்ட் ஒயர், வண்டி வர்ற பக்கம், கேஸ் வாடை இதெல்லாம் பாக்கணும். கிளவுஸ் மாட்டறது அதோட சேர்த்தி.

இருக்கற மாசத்துல அந்த புக்ல சுவாசம், இதயம், ரத்த ஓட்டம், இந்த மூணு சாப்டர மட்டும் ரெண்டு தடவ படிங்க. படத்தப் பாத்து ஆக்ஸிஜன் போற பாதைய புக்க மூடிட்டு பேப்பர்ல வரைஞ்சு பாருங்க, எங்க பேனா நிக்குதோ அந்தப் பக்கத்த மறுபடி தொறங்க.