படிப்பு மையமும் பாசி நாட்களும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஷார்ஜாவில் வேலை பார்க்கும் பதினாறு பேர். பெரும்பாலும் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடிப் பக்கத்துக்காரர்கள். மாதம் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டு, ஊரில் ஒரு அறக்கட்டளை மூலம் ஏழைப் பிள்ளைகளுக்குப் பையும் நோட்டும் வாங்கிக் கொடுத்தோம். அப்படியும் பிள்ளைகள் படிப்பை நிறுத்துகிறார்கள். இனி கட்டடம் ஒன்று கட்டி மாலை வகுப்பு நடத்தலாமா என்று யோசிக்கிறோம். உங்கள் கருத்து என்ன?

ஆர்., ஷார்ஜா

அன்புள்ள ஆர்.,

கட்டடம் வேண்டாம். பையும் வேண்டாம். அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பாடநூல், நோட்டு, பை, செருப்பு எல்லாம் அரசே கொடுக்கிறது. நீங்கள் கொடுப்பது இரண்டாவது பை. அதில் வீட்டில் ரேஷன் அரிசி வாங்கி வருவார்கள்.

உங்கள் கரையில் பள்ளிக்கூடம் இல்லாமல் படிப்பு நிற்பது குறைவு. வேலைக்காலம் வந்து பிள்ளையை இழுத்துக்கொள்வதால்தான் நிற்கிறது. எந்த ஊரில் எந்த மாதம் இழுக்கும் என்பதை முதலில் எழுதிவையுங்கள். பாம்பன், மண்டபம் பக்கம் பெண்கள் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடல்பாசி எடுக்கப் போவார்கள், கடல் நன்றாக வற்றுவது அப்போதுதான். தாய் விடியலில் கிளம்பினால் கைக்குழந்தையைப் பார்ப்பது மூத்த பெண்பிள்ளை. அவளுடைய வருகைப் பதிவேட்டைப் பஞ்சாங்கத்தோடு வைத்துப் பார்த்தால் விடுப்பு எதனால் என்று புரிந்துவிடும். சாயல்குடி, நரிப்பையூர்ப் பக்கம் பதநீர்க் காலம். தை, மாசியில் குடும்பமே தோப்பு விடிலிக்கு, அதாவது பதநீர் காய்ச்சும் குடிசைக்குப் போனால் திரும்ப ஆடி ஆகும். ஆண்டுத் தேர்வு சரியாக நடுவில் வருகிறது. இன்னும் உள்ளே போனால் கரிமூட்டம்: சீமைக்கருவேல் வெட்டிக் கரி சுடும் இடத்துக்குக் குடும்பம் போகும், பிள்ளையும் கூடவே போகும்.

விசைப்படகு ஊர்களில் நெருக்கடி வேறு மாதிரி. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். வீட்டில் கையிருப்பு கரைந்து கடன் ஏறியிருக்கும் நேரத்தில் பள்ளி திறக்கிறது. பத்தாவது எழுதிவிட்டு நிற்கும் பையனுக்குப் பதினொன்றில் சேர்வதா, படகு ஏறுவதா என்பது பள்ளி திறக்கும் அந்த ஒரு மாதத்திலேயே முடிவாகிறது. ஒரு முறை பங்குப் பணத்தைக் கையில் வாங்கிவிட்டவனை வகுப்புக்குத் திருப்பிக் கொண்டுவருவது கடினம். ஆகவே அந்தப் பையன்களின் வீடுகளுக்கு மே மாதக் கடைசியிலேயே போக வேண்டும். ஜூலையில் போனால் உபசாரமாக டீ கொடுத்து அனுப்புவார்கள்.

மாதம் 16,000 ரூபாயில் ஒரு மையத்தை ஒழுங்காக நடத்தலாம். அதே ஊரில் திருமணமாகிக் குடியிருக்கும், பன்னிரண்டாவதோ பட்டமோ படித்த இரண்டு பெண்களைத் தேர்ந்தெடுங்கள். வெளியூர் ஆள் மழைக்கு வர மாட்டார். ஆளுக்கு 5,000 சம்பளம். 25 பிள்ளைகளுக்குச் சுண்டலோ பயறோ, தலைக்கு 8 ரூபாய், மாதம் 22 நாள் என்றால் 4,400. மீதி 1,600 ஜெராக்ஸ், சாக்பீஸ், தாலுகா ஆபீஸ் பஸ் செலவுக்கு. இடத்துக்கு வலைக்கூடமோ, சர்ச் வராண்டாவோ, மதரஸாவின் ஓர் அறையோ போதும். ஆனால் கதவு திறந்தே இருக்க வேண்டும், இரண்டு பெரியவர்கள் இல்லாமல் வகுப்பு நடக்கக் கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சேர்த்த முதல் வாரம் பாடம் எடுக்காமல் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள்: எழுத்து, சொல், ஒரு பத்தி, ஒரு சிறு கதை. எதில் நிற்கிறதோ அதுதான் அதன் குழு. ஏழாவது படிக்கும் பையன் சொல் குழுவில் இருந்தால் இருக்கட்டும், வகுப்பு பார்த்துப் பிரிக்காதீர்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு இந்த முறையில்தான் பல மாநிலங்களில் வேலை செய்கிறது. பெரும்பாலான மாலை வகுப்புகள் வீட்டுப்பாடம் எழுதவைக்கும் இடமாகிவிடுவதால்தான் தோற்கின்றன. கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதும் பிள்ளைக்கு, தான் எழுதியதையே வாசிக்கத் தெரியாது.

அடுத்து காகித வேலை. உங்கள் காசு பல மடங்காகப் பெருகுவது இங்கேதான். எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் தேறித் தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 வீதம் நான்கு ஆண்டில் 48,000 ரூபாய். பெற்றோர் வருமான வரம்பு ஆண்டுக்கு மூன்றரை லட்சம். மனத்திறனுக்கு 90 வினா, பாடத்துக்கு 90 வினா. பாடத்தை விட மனத்திறன் பகுதியில்தான் நம் பிள்ளைகள் கோட்டை விடுவார்கள், காரணம் அந்த மாதிரி வினாவை அதற்கு முன் பார்த்ததே இல்லை. வாரம் இரண்டு நாள், ஆறு மாதம் பழக்கினால் போதும். தேறிய பிறகும் பணம் வராமல் போவதுண்டு. ஆதாரில் ஓர் இனிஷியல், பள்ளிப் பதிவில் வேறு இனிஷியல்; ஆதார் இணைக்காத வங்கிக் கணக்கு; ஆண்டுதோறும் புதுப்பிக்க மறப்பது; தனியார் பள்ளிக்கு மாறிவிடுவது. முதல் இரண்டையும் ஆறாம் வகுப்பிலேயே சரிபார்த்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

விடிலிக்கும் மூட்டத்துக்கும் போகும் பிள்ளைக்கு இன்னொன்று. எட்டாவது வரை, டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வரத் தாமதம் என்பதைக் காட்டிப் போன ஊர்ப் பள்ளியில் சேர்க்க மறுக்க முடியாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 5-ஆம் பிரிவு. அதன் தமிழ் நகலை ஆசிரியை கையில் கொடுத்துவிடுங்கள். சத்தம் போட வேண்டாம், தலைமையாசிரியரிடம் காட்டினால் போதும்.

கடைசியாக உங்கள் பணம் பற்றி. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. உங்கள் பதினாறு பேரில் எவராவது வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், ஓ.சி.ஐ. அட்டை (வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், அவர் பங்கு வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத அறக்கட்டளை அதைத் தொடக் கூடாது. எல்லார் பணத்தையும் ஒருவர் கணக்கில் சேர்த்து அனுப்பும் வழக்கம் இருந்தால் இந்த மாதமே நிறுத்திவிட்டு, அவரவர் பெயரில் அனுப்பி அவரவர் பெயரில் ரசீது கேளுங்கள்.