ஐயவாதம் மனநிம்மதி தருமா? கேள்வி பதில்

காட்பாடி வாசகர்: எதிலும் முடிவுக்கு வராமல் இருந்தால் நிம்மதி கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா சார்?

பதில்: பிர்ரோ என்ற பழங்காலக் கிரேக்கத் தத்துவஞானியின் வழிவந்த ஐயவாதிகள், அதாவது எதையும் முடிவாகச் சொல்லாமல் விசாரித்துக்கொண்டே இருப்பவர்கள், சொன்னது அது. அவர்களில் செக்ஸ்டஸ் எம்பிரிகஸ் என்ற வைத்தியர் ஒரு கதை சொல்கிறார். ஓவியர் அப்பெல்லஸ், குதிரையின் வாய் நுரையை வரைய வரைய சரியாக வராமல் வெறுத்துப்போய், தூரிகை துடைக்கும் பஞ்சைப் படத்தின் மேல் வீச, பட்ட இடத்தில் நுரை அச்சாக விழுந்துவிட்டதாம். ஐயவாதியும் உண்மை தெரிந்தால் நிம்மதி வரும் என்று தேடியவன்தான். இரண்டு பக்க வாதமும் சம பலத்தில் நின்றதால் முடிவை நிறுத்தி வைத்தான், நிம்மதி தானாகப் பின்னால் வந்தது. நிம்மதிக்காகவே முடிவை நிறுத்தாதீர்கள், முதலில் விசாரியுங்கள்.

ராணிப்பேட்டை வாசகர்: அப்புறம் எப்படி வேலைக்குப் போவது, சாப்பிடுவது?

பதில்: பசி தாகம், ஊர் வழக்கம், கற்ற தொழில் இவற்றின்படி நடந்துகொள்ளலாம் என்கிறார் செக்ஸ்டஸ். கத்திரி வெயிலில் வேலூர்க் கோட்டை எதிரே பஸ்ஸுக்கு நின்றால் ஐயவாதிக்கும் சுடும். 'இது இயல்பிலேயே கேடு' என்ற எண்ணத்தை மட்டும் அவன் அதன்மேல் ஏற்றுவதில்லை, அந்த அளவுக்கு வேதனை குறையும். உடம்பு படுகிற பாட்டில் செக்ஸ்டஸே அதற்கு மேல் வாக்குக் கொடுக்கவில்லை.

குடியாத்தம் வாசகர்: இது நம் சமணர் சொன்னதுதானே? வள்ளிமலையில் அவர்கள் குகையே இருக்கிறதே.

பதில்: இல்லை. 'ஒரு நோக்கில் உண்டு, ஒரு நோக்கில் இல்லை' என்று சமணர் ஏழு விதமாகச் சொல்வது, உண்மைக்குப் பல முகம் என்ற உறுதியான கொள்கையிலிருந்து வருகிறது. உயிரும் வினையும் வீடுபேறும் உண்டு என்பதில் அவர்களுக்கு ஐயமே கிடையாது. நெருக்கமானவர் வேண்டுமென்றால் புத்தர் காலத்தில் இருந்த சஞ்சயர் என்ற துறவியைப் பாருங்கள். மறுமை உண்டா என்றால் உண்டென்றும் சொல்லமாட்டார், இல்லையென்றும் சொல்லமாட்டார்.

அதே வாசகர்: பிர்ரோ இந்தியா வந்தாரே!

பதில்: வந்தார், அலெக்சாண்டர் படையோடு. இங்கே துறவிகளைச் சந்தித்ததால்தான் அவர் தத்துவம் பிறந்தது என்றும், கிரேக்கத் தத்துவஞானிகளின் வாழ்க்கையை எழுதிவைத்த டயோஜீனஸ் லேர்டியஸ் எழுதுகிறார், அதை ஒதுக்க முடியாது. ஆனால் அந்தத் துறவிகள் சமணர் என்று அவர் சொல்லவில்லை. அதை நாமாகச் சேர்க்கக் கூடாது.

ஆம்பூர் வாசகர்: 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' குறளும் இதுதானே?

பதில்: அடுத்த அடியையும் படியுங்கள். மெய்ப்பொருளைக் காண முடியும் என்கிறார் வள்ளுவர்.

அரக்கோணம் வாசகர்: எதையும் நம்பாமல் இருந்தால் நிம்மதியா?

பதில்: காட்பாடி வாசகருக்குச் சொன்னதேதான். இல்லை என்று அடித்துச் சொல்வதும் ஒரு முடிவுதான். திரும்பவும் சொல்கிறேன், விசாரிக்காமல் நிறுத்தாதீர்கள்.

சத்துவாச்சாரி வாசகர்: கேஸ் அடுப்பை மூடினேனா என்ற சந்தேகத்தில் இரவெல்லாம் எழுந்து எழுந்து பார்க்கிறேன். இது உதவுமா?

பதில்: உதவாதும்மா. இதைப் படித்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள், இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.