மகனுக்கு 18 நிறைய இன்னும் சில மாதங்கள்: வண்டி, வேலை, வங்கிக் கணக்கு, வீட்டுமனை

கேள்வி: திருப்பூரிலிருந்து ஒரு தாய் எழுதுகிறார்: "என் மகன் பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். வரும் நவம்பர் 6ஆம் தேதிதான் அவனுக்கு 18 வயது நிறைகிறது. கல்லூரி மதியத்தோடு முடிந்துவிடுவதால், அதன் பிறகு ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போக விரும்புகிறான். தீபாவளி வரை இரவு 10 மணிவரை இருக்க வேண்டும் என்கிறார் கடை முதலாளி. போய்வர என் பெயரில் உள்ள 110 சிசி ஸ்கூட்டியைக் கேட்கிறான். கியர் இல்லாத வண்டிக்கு 16 வயது போதும் என்று அவன் நண்பர்கள் சொல்கிறார்களாம். சம்பளம் போடத் தனி வங்கிக் கணக்கும், தவணையில் ஒரு செல்போனும் வேண்டுமாம். இதற்கிடையே, என் மாமனார் அவன் பெயருக்கு எழுதிவைத்த வீட்டுமனையை விற்றுக் கல்லூரிக் கட்டணம் கட்டலாம் என்கிறார் என் கணவர். மேஜர் ஆக இன்னும் சில மாதங்கள்தானே இருக்கின்றன; இதிலெல்லாம் சட்டம் அவ்வளவு கறாராக இருக்குமா?"

பதில்: கறாராகத்தான் இருக்கும், ஆனால் எல்லாவற்றிலும் ஒரே மாதிரியாக இருக்காது. நீங்கள் கேட்டிருக்கும் ஐந்தில் ஒன்றை உங்கள் மகன் இன்றைக்கே தன் கையெழுத்தில் செய்யலாம், ஒன்றை நிபந்தனைகளோடு செய்யலாம், மற்ற மூன்றுக்கும் நவம்பர்வரை காத்திருப்பதே நல்லது. பெற்றோர் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயது வரம்பு என்றதும், பிள்ளை எதைச் செய்யக் கூடாது என்று சொல்லும் விதி என்றே நினைத்துக்கொள்கிறோம். அந்த வயதுக்கு முன்பு நடக்கும் காரியத்துக்கு யார் பொறுப்பேற்க வேண்டும் என்பதையும் அதே விதிதான் தீர்மானிக்கிறது. உங்கள் கடிதத்தில் உள்ள பெரும்பாலான விஷயங்களில் அந்தப் பொறுப்பு உங்கள் மீதோ உங்கள் கணவர் மீதோதான் வந்து விழுகிறது.

இந்தியாவில் பொதுவாக ஒருவர் மேஜர் ஆகும் வயது 18. அதைச் சொல்வது 1875ஆம் ஆண்டின் இந்திய வயதுவரவுச் சட்டம். நீதிமன்றம் காப்பாளரை நியமித்திருந்தால் 21 வயதுவரை மைனர் என்று இருந்த பழைய விதிவிலக்கு 1999இல் நீக்கப்பட்டுவிட்டது. பிறந்த நாளையும் ஒரு முழு நாளாகச் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பதால், நவம்பர் 6 தொடங்கும்போதே உங்கள் மகன் மேஜர் ஆகிவிடுவார். நவம்பர் 5 இரவுவரை மைனர்தான். "சில மாதங்கள்தானே" என்னும் சலுகைக்குச் சட்டத்தில் இடமில்லை.

ஆபத்து அதிகமுள்ளது என்பதால் ஸ்கூட்டியிலிருந்து தொடங்குகிறேன். மகனின் நண்பர்கள் சொன்னது பாதி உண்மை. 16 வயது நிறைந்தவர் ஓட்டலாம் என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 4ஆவது பிரிவில் சொல்லியிருப்பது, 50 சிசிக்கு மேற்படாத எஞ்சின் கொண்ட இருசக்கர வாகனத்தைத்தான். கியர் இருக்கிறதா இல்லையா என்பது அந்தப் பிரிவின் அளவுகோலே அல்ல. லைசென்ஸில் "கியர் இல்லாதது" என்று ஒரு வகை இருப்பதால், கியர் இல்லாத எல்லா ஸ்கூட்டிக்கும் 16 போதும் என்ற எண்ணம் ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. 50 சிசி வண்டிகளோ இன்று கடைகளில் கிடைப்பதே அரிது. எக்ஸ்எல் வண்டியைப் பழக்கதோஷத்தில் இன்றும் "டி.வி.எஸ். ஃபிஃப்டி" என்கிறோம், ஆனால் இப்போது விற்கும் வண்டியின் எஞ்சின் ஏறத்தாழ 100 சிசி. ஆகவே 16 வயதுச் சலுகை ஏட்டில் இருக்கிறதே தவிர, உங்கள் வீட்டு 110 சிசி ஸ்கூட்டிக்குப் பொருந்தாது. அதற்கு 18 வயது நிறைய வேண்டும். பெற்றோரின் சம்மதக் கையெழுத்தோடு 16 வயதில் வாங்கிய எல்.எல்.ஆர். கையில் இருந்தாலும், அதை வைத்து 110 சிசி வண்டியை ஓட்ட முடியாது.

ஓட்டினால் என்ன ஆகும்? 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த 199ஏ பிரிவு இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறது. 18 வயது நிறையாதவர் வாகனக் குற்றம் செய்தால், அவருடைய காப்பாளரோ வண்டியின் உரிமையாளரோ குற்றம் செய்ததாகக் கருதப்படுவார். வண்டி உங்கள் பெயரில் இருப்பதால் அதன் உரிமையாளர் நீங்கள்தான். தண்டனை 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். எல்லாவற்றையும்விட மகனை நேரடியாகப் பாதிப்பது அடுத்த விதி: 25 வயது நிறையும்வரை அவருக்கு எல்.எல்.ஆரும் கிடைக்காது, லைசென்ஸும் கிடைக்காது. நான்கைந்து மாத அவசரத்துக்கு ஏழு ஆண்டுகளை விலையாகக் கொடுக்க நேரிடலாம்.

எனக்குத் தெரியாமல் எடுத்துப்போய்விட்டான் என்று சொல்ல முடியாதா என்று பலர் கேட்பதுண்டு. சொல்லலாம், அந்தத் தற்காப்புக்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. ஆனால் உங்கள் சம்மதத்தோடுதான் வண்டி எடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் முதலில் அனுமானித்துக்கொள்ளும்; அப்படி இல்லை என்றோ, தடுக்க வேண்டிய முயற்சிகள் அனைத்தையும் செய்தேன் என்றோ மெய்ப்பிக்க வேண்டியது உங்கள் வேலை. தினமும் மாலை அதே வண்டியில் கடைக்குப் போய்வருகிற பிள்ளையின் தாய் "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் எந்த நீதிபதி நம்புவார்? விபத்து நடந்துவிட்டால் இழப்பு இதைவிடப் பெரிது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியதால், அடிபட்டவருக்குரிய இழப்பீட்டை இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு நீதிமன்றங்கள் உத்தரவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்தத் தொகை பல லட்சமாக இருக்கலாம். அதை நீங்கள் கட்ட வேண்டும். 2024 மே மாதம் புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்படும் கார் மோதி இருவர் இறந்த வழக்கில் அந்தச் சிறுவனின் தந்தையும் கைதானார் என்பதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

அப்படியானால் பேட்டரி வண்டி? மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட வண்டிகளை, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், மோட்டார் வாகனமாகவே விதிகள் கருதுவதில்லை. அவற்றுக்குப் பதிவும் லைசென்ஸும் வேண்டாம். ஆனால் வேக வரம்பை எடுத்துவிட்டுத் தருகிறோம் என்று எவரேனும் சொன்னால் அந்த வண்டியைத் தொடாதீர்கள். வரம்பைத் தாண்டிய கணமே அது லைசென்ஸ் தேவைப்படும் மோட்டார் வாகனம் ஆகிவிடும். நவம்பர்வரை டவுன் பஸ்ஸோ சைக்கிளோ போதும் என்பதே என் ஆலோசனை.

வேலை விஷயத்தில் சட்டம் இவ்வளவு முறுக்காக இல்லை. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்ட பிறகு, 14 வயது நிறையாதவர்களை வேலைக்கு வைப்பது முற்றிலும் தடை செய்யப்பட்டது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதும் குழந்தைக் கலைஞராக நடிப்பதும் மட்டுமே விதிவிலக்கு. 14 முதல் 18 வரையுள்ளவர்களை அந்தச் சட்டம் வளரிளம் பருவத்தினர் என்று தனியாகப் பிரித்து, சுரங்கம், வெடிபொருள் போன்ற அபாயகரமான தொழில்களில் மட்டும் அவர்களைச் சேர்க்கக் கூடாது என்கிறது. சிவகாசிப் பட்டாசு ஆலைக்குள் 17 வயதுப் பிள்ளை போக முடியாது. மீறிச் சேர்த்த முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டுவரை சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஜவுளிக்கடையில் துணி எடுத்துக் காட்டுவது அந்தப் பட்டியலில் வராது. அதனால் உங்கள் மகன் இப்போதே வேலைக்குப் போகலாம்.

போகலாம், ஆனால் இரவு 10 மணிவரை இருக்க முடியாது. அதே சட்டத்தின் 7ஆவது பிரிவு, இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணிவரை வளரிளம் பருவத்தினரிடம் வேலை வாங்கக் கூடாது என்கிறது. தொடர்ச்சியாக 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அதன் பிறகு குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் வேலைக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு மொத்தம் 6 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஓவர்டைம் கிடையாது. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை உண்டு. ஒரே நாளில் இரண்டு இடங்களில் வேலை செய்வதும் கூடாது. தீபாவளிக் கூட்டத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று கடை முதலாளி சிரிக்கக்கூடும். 18 வயது நிறையாதவர்களின் பெயர், பிறந்த தேதி, வேலை நேரம், ஓய்வு நேரம் ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி, ஆய்வாளர் கேட்கும்போது காட்ட வேண்டிய கடமை அவருக்கு இருக்கிறது என்பதை நினைவூட்டுங்கள். மதியம் 2 மணிமுதல் இரவு 7 மணிவரை, நடுவில் ஒரு மணி நேர இடைவேளையோடு வைத்துக்கொள்ளலாம் என்று பேசிப் பாருங்கள். நேரத்தையும் சம்பளத்தையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ளாத கடையை விட்டுவிடுவதே மேல். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை அது. காலையில் கல்லூரிக்கும் போக வேண்டிய பிள்ளைக்கு அந்த 7 மணி வரம்பைச் சட்டம் சும்மா வைக்கவில்லை என்பது என் எண்ணம்.

வங்கிக் கணக்கு எளிது. 10 வயது நிறைந்த மைனர்கள் சேமிப்புக் கணக்கைத் தாங்களே தொடங்கித் தாங்களே இயக்கலாம் என்பதை ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கையில் மறுபடியும் உறுதிசெய்திருக்கிறது. எவ்வளவு தொகைவரை, ஏ.டி.எம். அட்டையும் இணைய வசதியும் உண்டா என்பதை அந்தந்த வங்கி தீர்மானிக்கும். கணக்கில் இருப்புக்கு மேல் பணம் எடுக்க மட்டும் விடமாட்டார்கள். 18 ஆனதும் புதிய கையெழுத்து மாதிரியையும் இயக்க ஒப்புதலையும் வங்கி கேட்கும். பிறந்த நாளுக்கு முன்பே கிளையில் விசாரித்து வைத்துக்கொண்டால், சம்பளம் வரும் நேரத்தில் கணக்கு முடங்கிக் கிடக்காது.

தவணையில் செல்போன் என்பது வேறு கதை. மைனர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது 1903ஆம் ஆண்டு மோகரி பீபி வழக்கில், பிரிட்டிஷ் ஆட்சியில் இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பு. கல்கத்தாவில் தன் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கிய ஒரு மைனரிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெற முடியாமல் கடன் கொடுத்தவர் தோற்றுப்போன வழக்கு அது. நூற்றிருபது ஆண்டுகள் கடந்தும் சட்டக் கல்லூரியின் முதல் பாடங்களில் ஒன்றாக அது இருக்கிறது. 18 ஆன பிறகு "அன்று வாங்கியதை இன்று ஏற்கிறேன்" என்று கையெழுத்திட்டாலும் செல்லாத ஒப்பந்தத்துக்கு உயிர் வராது. புதிதாக ஒப்பந்தம் போட்டால்தான் உண்டு. இது தெரிந்துதான் தவணை நிறுவனங்கள் உங்கள் மகனின் பெயரை விட்டுவிட்டு, உங்கள் பான் அட்டையையும் ஆதாரையும் கேட்பார்கள். கொடுத்தால் கடன் உங்களுடையது. ஒரு தவணை தவறினாலும் கெடுவது உங்கள் சிபில் மதிப்பெண். மகன் சம்பளத்தைச் சேர்த்து ரொக்கமாக வாங்கட்டும்.

கடைசியாக மனை. இதைத்தான் உங்கள் கடிதத்திலேயே அதிகக் கவனத்துக்குரியதாகக் கருதுகிறேன், ஏனென்றால் இங்கே சட்டம் கட்டுப்படுத்துவது பிள்ளையை அல்ல, தகப்பனை. மனை மகன் பெயரில் தனிச்சொத்தாக எழுதப்பட்டிருந்தால், உங்கள் கணவர் அதற்குக் காப்பாளர் மட்டுமே, உரிமையாளர் அல்லர். நீங்கள் இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொண்டால், 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி, மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ தானமாகக் கொடுக்கவோ இயற்கைக் காப்பாளருக்கும் நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அவசியம் இருக்கிறது, அல்லது மைனருக்கு வெளிப்படையான நன்மை இருக்கிறது என்றால் மட்டுமே நீதிமன்றம் அனுமதி தரும். கல்லூரிக் கட்டணம் அந்த வகையில் வரக்கூடும்தான். ஆனால் அனுமதி வாங்காமல் விற்றுவிட்டால், உங்கள் மகன் மேஜர் ஆன நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டு அந்த விற்பனையை ரத்து செய்துவிடலாம். விவரம் தெரிந்தவர் இந்த அபாயத்தோடு மனையை வாங்க மாட்டார். வாங்குபவர்கள் இதைக் காட்டி விலையை அடித்துக் குறைப்பார்கள். மகனையே இப்போது கையெழுத்துப் போடச் சொன்னால் அந்தப் பத்திரம் அடியோடு செல்லாது.

அனுமதி கோரி மனுப் போட்டு உத்தரவு வாங்குவதற்குள் நவம்பர் தாண்டிவிட வாய்ப்பு அதிகம். எனவே இந்தப் பருவக் கட்டணத்துக்குக் கல்விக் கடன் கேட்டுப் பாருங்கள். மாணவர் மைனராக இருந்தால் பெற்றோர் பெயரில் சேர்த்துத் தருவது வங்கிகளில் வழக்கமான ஒன்றுதான். 18 நிறைந்த பிறகு விற்பதா வேண்டாமா என்பதை உங்கள் மகனே முடிவு செய்து, அவரே கையெழுத்திடுவார். வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் உங்கள் கணவருக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. இதை அவரிடம் இப்போதே பக்குவமாகப் பேசி வைத்துவிடுங்கள்.

நவம்பர் 6ஆம் தேதிக்குப் பிறகு முதல் வேலையாக எல்.எல்.ஆருக்கு விண்ணப்பிக்கட்டும், அது கிடைத்து 30 நாட்கள் கழிந்ததும் லைசென்ஸ் தேர்வுக்குப் போகலாம், அதுவரை 'எல்' பலகையும் லைசென்ஸ் உள்ளவரின் கண்காணிப்பும் வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க மட்டும் நவம்பர்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 17 வயது நிறைந்தவர்கள் படிவம் 6ஐ முன்கூட்டியே கொடுத்துவைக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகள் தகுதி நாட்கள் என்பதால், உங்கள் மகனின் பெயர் அடுத்த ஜனவரி 1ஐத் தகுதி நாளாகக் கொண்ட பட்டியலில் ஏறும்.