திரை போனாலும் தரவு போகவில்லை

கேள்வி: வலையமைப்பில் உள்ள தரவுச் சேமிப்பகத்தின் நிர்வாகத் திரை ‘தொடர்பு இல்லை’ என்கிறது, கோப்புகளோ திறக்கின்றன. மறுதொடக்கம் செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம்! கோப்புகள் திறந்தால் தரவுப் பாதை உயிரோடு இருக்கிறது. ஐஸ்கஸி (iSCSI, வலையமைப்பு வழியே வட்டுகளை அணுகும் முறை) முறையில் தரவு வழக்கமாக 3260ஆம் போர்ட்டில் (எண்ணிட்ட வலையமைப்பு வாயிலில்) செல்கிறது. நிர்வாகத் திரை பெரும்பாலும் 443இல், பல கருவிகளில் தனிக் கேபிளிலேயே வருகிறது. மறுதொடக்கம் செய்தால் நன்றாக ஓடுவதும் நின்றுபோகும்.

நிர்வாகத் திரையின் முகவரிக்குப் பிங் செய்து, அதாவது ஒரு சிறு சோதனைச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பாருங்கள். பதில் வந்தாலும் நம்பிவிடாதீர்கள். ஒருமுறை எனக்குப் பதில் சொன்னது சேமிப்பகமே அல்ல, அதே ஐ.பி. முகவரியைப் பிடித்துக்கொண்ட புதிய பிரிண்டர். மேக் முகவரியை (கருவியின் வலையமைப்பு வன்பொருளுக்குரிய அடையாள எண்ணை) ஒப்பிட்ட பிறகுதான் விளங்கியது. நிர்வாகத் திரையின் காலாவதியான பாதுகாப்புச் சான்றிதழ், மாறிய கடவுச்சொல், ஃபயர்வால் விதி ஆகியவற்றையும் பாருங்கள்.

தள்ளிப்போடாதீர்கள். இந்நிலையில் ஒரு வட்டு பழுதானால் எச்சரிக்கை உங்களை எட்டாமல் போகலாம். சரியாகும்வரை தினமும் நேரில் சென்று வட்டுகளின் விளக்குகளைக் கவனியுங்கள்.